வண்ணம் தீட்டும் வீடியோ கேம்கள்: நாலரை வயது மகளோடு ஐந்து மாதங்கள்

சென்ற கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் தம்பி, திரும்பிப் போகும்போது தன்னுடைய நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்னும் கையடக்க கேம் கருவியை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்கு அப்போது நாலரை வயது. அவன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய 3டிஎஸ் எக்ஸ்எல் என்னும், மேலும் கீழுமாக இரண்டு திரைகள் கொண்ட பழைய நிண்டெண்டோ கருவியும், திரையில் எழுதும் பிளாஸ்டிக் குச்சியான அதன் ஸ்டைலஸும் ஏற்கெனவே எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தன. பந்தயமும் அடிதடியும் இப்போதைக்கு வேண்டாம், கிரேயான் பிடிக்கப் பழகிவிட்ட குழந்தைக்கு வண்ணம் தீட்டும் கேம்தான் பொருத்தம் என்று நானும் கணவரும் முடிவு செய்து, தம்பியின் கணக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சிலவற்றை வாங்கினோம். வார இறுதிகளில் எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மகனும், அவனுக்கு ஏழு வயது, அவளோடு உட்கார்ந்து ஆடினான். இந்த ஐந்து மாதங்களில் கண்டதை, இதே தேடலில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

ஸ்விட்சுக்கான நிண்டெண்டோவின் இணையக் கடையான இ-ஷாப்பில் ‘வண்ணம் தீட்டும் ஏடு’ என்று பொருள்படும் பெயர்களைத் தாங்கிய கேம்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அட்டைப்படத்தில் ஒற்றைக்கொம்புக் குதிரையோ டைனோசரோ டிராக்டரோ இருக்கும். விலை பெரும்பாலும் குறைவு, தள்ளுபடியில் இன்னும் குறைவு. நாங்கள் முதலில் வாங்கிய கேமின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏனெனில் பிறகு வாங்கிய இன்னொன்றும் ஏறக்குறைய அதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருந்தது. திரையில் கோட்டோவியமாக ஒரு யானை நிற்கும். கீழே பன்னிரண்டு வண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒரு வண்ணத்தைத் தொட்டுவிட்டு யானையின் காதைத் தொட்டால் காது முழுவதும் அந்த வண்ணத்தால் நிரம்பிவிடும். ஒன்பது தொடுதல்களில் யானை முடிந்துவிடும். உடனே நட்சத்திரங்கள் கொட்டும், கைதட்டல் கேட்கும், அடுத்த படம் வந்து நிற்கும்.

முதல் நாள் இருபது நிமிடத்தில் என் மகள் பதினேழு படங்களை முடித்தாள். கையால் ஒரு பக்கத்தைத் தீட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற குழந்தை அவள். மறுநாள் அவள் படத்தையே பார்க்காமல், கைதட்டல் வருகிற வரைக்கும் கிடைத்த இடத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், ஆள்காட்டி விரலை யானையின் வயிற்றில் அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இது வெளியே போகவே மாட்டேங்குது” என்றாள். அவளுடைய குறையை இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. வண்ணம் தீட்டுவது என்பது அவளுக்குக் கையின் வேலை. அழுத்தித் தேய்ப்பது, கோட்டுக்கு அருகில் வரும்போது மெதுவாக்குவது, சற்றே தாண்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது எல்லாம் சேர்ந்தது. தொட்டால் நிரம்பும் கேம் அந்த வேலை முழுவதையும் தானே எடுத்துக்கொண்டு, முடிந்த படத்தை மட்டும் அவளிடம் நீட்டுகிறது.

அதே கேமில் ஒரு மயில் படம் இருந்தது. இவ்வகைக் கேம்களில் வண்ணம் நிரம்பும் விதம் எளியது: தொட்ட புள்ளியிலிருந்து தொடங்கி, அதே நிறத்தில் இருக்கும் பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றிக்கொண்டே போய், கறுப்புக் கோடு குறுக்கிடும் இடத்தில் நிரல் நின்றுவிடும். கோட்டில் ஓரிடத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் போதும், வண்ணம் அந்தச் சந்து வழியாக வெளியேறிவிடும். அந்த மயிலின் தோகைக் கோடு ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. தோகைக்குப் பச்சை கொடுத்ததும் வானம், மரம், தரை எல்லாம் பச்சையாயின. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பத்து நிமிடம் அந்த ஒரே சந்தைப் பயன்படுத்தி வானத்தை மாற்றி மாற்றி நிறம் பூசினாள். அந்தக் கேமில் அவளுக்குக் கிடைத்த ஒரே உண்மையான விளையாட்டு, அதைச் செய்தவர்கள் கவனிக்காமல் விட்ட பிழைதான்.

கேமை விட்டுவிட்டுக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் குழந்தை கையால் தீட்டும் கேம்களில் பாதி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது திரைதான். 2004இல் வந்த டிஎஸ் முதல் 3டிஎஸ் குடும்பம் வரை நிண்டெண்டோவின் தொடுதிரைகள் அழுத்தத்தை உணர்பவை. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே இன்னொன்று; இரண்டும் அழுந்தித் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் கருவி கணக்கிடுகிறது. ஆகவே நகம், பிளாஸ்டிக் குச்சி, மூடி போட்ட பேனா என எதனால் அழுத்தினாலும் கோடு விழும். 2017இல் வந்த ஸ்விட்சும் 2019இல் வந்த ஸ்விட்ச் லைட்டும் கைப்பேசிகளைப் போல விரலின் மின்னூட்டத்தை உணரும் திரையைக் கொண்டவை. வழுவழுப்பும் தெளிவும் இவற்றில் அதிகம். ஆனால் 3டிஎஸ்ஸோடு வரும் பிளாஸ்டிக் ஸ்டைலஸால் இதில் எதுவும் வரையமுடியாது.

நாலரை வயதுக் கைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பென்சிலைப் பிடிப்பதுபோல் ஸ்டைலஸைப் பிடிக்கும்போது, நுனி எங்கே இருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிகிறது. விரலால் தீட்டும்போதோ, தீட்டவேண்டிய இடத்தையே விரல் மறைத்துவிடுகிறது. ஸ்விட்ச் லைட்டின் 5.5 அங்குலத் திரையில் ஒரு கிளியின் கண், குழந்தையின் விரல் நுனியைவிடச் சிறியது. தாளில் செய்வதுபோலவே அவள் மணிக்கட்டைத் திரையின்மீது ஊன்றிக்கொள்வதால், விரலோடு சேர்ந்து உள்ளங்கையும் கோடு போட்டுவிடுகிறது. வலக்கையால் தீட்டியவள் இடது மூலையில் ஏன் ஒரு சிவப்புத் திட்டு வந்தது என்று விழித்ததை நான் பலமுறை பார்த்தேன். 3டிஎஸ் எக்ஸ்எல்லின் கீழ்த்திரை 4.18 அங்குலம்தான், 320க்கு 240 புள்ளிகள்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழைய தொலைக்காட்சியைப்போல மங்கலாகத் தெரிகிறது. ஆனாலும் வண்ணம் தீட்ட வேண்டும் என்றால் என் மகள் எடுப்பது அதைத்தான்.

அந்தப் பழைய கருவியில் தம்பி எப்போதோ இறக்கி வைத்திருந்த கலர்ஸ் 3டி என்னும் ஓவிய மென்பொருள் எங்களுக்குப் புதையலாக அமைந்தது. ஜென்ஸ் ஆண்டர்சன் என்பவர் 2007இல் டிஎஸ்ஸுக்காகத் தனிமுயற்சியாக எழுதிய ஒரு வரைகருவியிலிருந்து வளர்ந்து, 2012இல் 3டிஎஸ்ஸுக்கு வந்தது இது. குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதன்று, இதில் தயார்ப் படங்களோ நட்சத்திரங்களோ கைதட்டலோ கிடையா. ஆனால் ஓவியத்தை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துத் தீட்ட முடியும். எனக்கு ஓரளவு வரைய வரும் என்பதால், மேலடுக்கில் ஒரு யானையைக் கறுப்புக் கோட்டில் வரைந்துவிட்டு, கீழடுக்கைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். அவள் எவ்வளவு அழுத்தித் தீட்டினாலும் மேலே இருக்கும் கோடு அழிவதில்லை. வண்ணம் கோட்டைத் தாண்டிப் போகலாம், ஆனால் யானை யானையாகவே நிற்கும். அன்று அவளுடைய யானை ஊதா நிறத்தில், காதுக்கு வெளியே இன்னொரு காது முளைத்த மாதிரி வந்தது. முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

இதில் இன்னொரு வசதி உண்டு. ஓவியம் எந்த வரிசையில் தீட்டப்பட்டதோ அதே வரிசையில், ஒவ்வொரு தீற்றலாகத் திரும்ப ஓட்டிக் காட்டும். தன் கை போன பாதையைத் திரையில் பார்ப்பது அவளுக்குச் சலிக்கவே இல்லை. “இங்கதான் நான் தும்மினேன்” என்று ஒரு கோணல் கோட்டைக் காட்டிச் சொன்னாள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் 3டிஎஸ்ஸின் முப்பரிமாணக் காட்சியைப் பார்க்கக்கூடாது என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. பெற்றோர் கட்டுப்பாட்டு அமைப்பில் அதைக் கடவு எண் போட்டு அடைத்துவிடலாம், நாங்கள் முதலில் செய்தது அதுதான். வருத்தம் என்னவென்றால், 3டிஎஸ்ஸின் இ-ஷாப் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தலாம்; புதிதாக வாங்க வழியில்லை.

அதன் வாரிசாக 2021இல் ஸ்விட்சுக்கு வந்த கலர்ஸ் லைவ் இன்றும் கிடைக்கிறது. திரை அழுத்தத்தை உணராது என்ற சிக்கலுக்கு அதைச் செய்தவர்கள் கண்ட வழி சுவையானது: சோனார்பென் என்ற பேனாவை ஹெட்போன் துளையில் செருகிவிட்டால், பேனாவின் அழுத்தம் அந்தக் கம்பி வழியாகக் கருவிக்குத் தெரியும். பெரியவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கம்பியோடு இணைந்த பேனாவை நாலரை வயதுக் குழந்தையிடம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. ரப்பர் நுனி கொண்ட சாதாரணக் கைப்பேசிப் பேனா ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். விரலைவிட அது எவ்வளவோ மேல். ஸ்விட்சில் தீட்டும் கேம் வாங்குகிறவர்கள் கூடவே அதையும் வாங்கிவிடுவது நல்லது.

3டிஎஸ்ஸுக்கு வந்த ஆர்ட் அகாடமி வரிசையையும் பார்த்தோம். போகிமான், டிஸ்னி பாத்திரங்களை வைத்து முறையே 2014, 2016 ஆண்டுகளில் வந்த பதிப்புகள் இதில் உண்டு. இவை வரையக் கற்றுக்கொடுக்கும் பாடங்கள். வழிகாட்டிக் கோடு, அடிவண்ணம், நிழல் என்று படிப்படியாகச் செல்பவை. அக்கா மகன் பொறுமையாக உட்கார்ந்து ஆங்கிலக் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படித்துச் செய்தான். வாசிக்கத் தெரியாத வயதுக்கு இவை பொருந்தா. பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: கிரேயான் பெட்டியில் நாம் பார்க்கும் க்ரேயோலா பெயரைத் தாங்கி 2018இல் ஸ்விட்சுக்கு வந்த க்ரேயோலா ஸ்கூட், வண்ணத்தைத் தெளித்துக்கொண்டே ஸ்கூட்டரில் சாகசம் செய்யும் கேம், அதில் தீட்டும் ஏட்டை எதிர்பார்க்கவேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கேமுக்கு வருகிறேன். கிரெக் லோபனோவும் அவருடைய குழுவினரும் செய்து, ஃபின்ஜி நிறுவனம் 2021இல் வெளியிட்ட சிக்கரி என்ற கேம் அது. காபித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான். அதில் எல்லார் பெயரும் எல்லா ஊர்ப் பெயரும் உணவோடு தொடர்புடையவை. முதலில் வரும் ஊர் லஞ்சன், அந்த மாகாணத்தின் பெயரே பிக்னிக். தொடக்கத்தில் உங்களுக்குப் பிடித்த உணவு எது என்று கேட்பார்கள். நாம் சொல்லும் விடைதான் கதாநாயகனான நாயின் பெயராகிவிடும். என் மகள் யோசிக்காமல் சொன்னாள். எனவே எங்கள் வீட்டில் அந்த நாயின் பெயர் அப்பளம். அதன்பிறகு வருகிற முயலும் எலியும் ஆந்தையும் அதை அப்பளம் என்றே மரியாதையாக அழைக்கிறபோது நாங்கள் மூவரும் சிரிக்காமல் இருந்ததில்லை.

கதை இதுதான்: உலகத்துக்கு வண்ணம் தருகிற மந்திரத் தூரிகை சிக்கரி என்ற முயலிடம் இருக்கிறது, அவளுடைய கோபுரத்தில் துடைப்பம் பிடிக்கும் வேலையில் இருப்பது நம் நாய். ஒரு நாள் உலகத்தின் வண்ணமெல்லாம் மறைந்து, எல்லாம் கறுப்புக் கோடும் வெள்ளைத் தாளுமாக நிற்கிறது. தூரிகை நாயின் கைக்கு வருகிறது. அந்தக் கணம் முதல் திரையில் தெரியும் ஒவ்வொரு மரமும், வீடும், மேகமும், மனிதர்களைப்போல் நடமாடும் ஒவ்வொரு விலங்கும் தீட்டுவதற்குரிய பக்கங்கள்தாம். கருவியின் இருபுறமும் கட்டைவிரலால் அசைக்கும் சிறு குச்சிகள் உண்டு. இடக்கைக் குச்சியால் நாய் நடக்கும். வலக்கைக் குச்சியால் தூரிகை நகரும். பகுதிக்குப் பகுதி மாறுகிற நான்கே வண்ணங்கள். தீட்டியது அழிவதில்லை. மூன்று நாள் கழித்து அதே தெருவுக்குத் திரும்பினாலும் அன்று போட்ட கோணல் மாணலான மஞ்சள் அங்கேயே இருக்கும்.

இந்த நான்கு வண்ணக் கட்டுப்பாடு முதலில் எனக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றியது. பார்க்கப் பார்க்க அதன் அருமை புரிந்தது. முதலில் சொன்ன கேமில் பன்னிரண்டு வண்ணங்கள் இருந்தும் எல்லாப் படங்களும் ஒரே மாதிரி முடிந்தன; இங்கே நான்கு வண்ணங்களுக்குள் அவள் யோசித்துத் தேர்ந்தெடுத்தாள். அந்த நான்கும் ஒன்றோடொன்று இசைவாகவே இருப்பதால், குழந்தை எப்படிக் கிறுக்கினாலும் திரை பார்க்க அழகாக இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் குற்றம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. வண்ணம் பட்டதும் விரிகிற செடிகள் இருக்கின்றன. அழித்தால் அவை சுருங்கிக்கொள்கின்றன. இருண்ட குகைக்குள் போனால் தீட்டிய வண்ணமே ஒளிவிடுகிறது. அந்தக் குகையில் என் மகள் வழி தேடவே இல்லை. தரை முழுவதும் மெழுகுவதுபோல் ஓரம் விடாமல் தீட்டி வெளிச்சம் போட்டாள். அக்கா மகன் பொறுமையிழந்து, “சித்தி, இவ வெளிய போகவே விடமாட்டேங்கிறா” என்று என்னிடம் புகார் கொண்டுவந்தான்.

இருவர் சேர்ந்தும் ஆடலாம். இரண்டாமவருக்கும் தனித் தூரிகை உண்டு. ஸ்விட்ச் லைட்டில் அதற்குத் தனியாகக் கன்ட்ரோலர் தேவைப்படும். புதிர்களில் மாட்டிக்கொண்டால் அங்கங்கே இருக்கும் தொலைபேசிக் கூண்டிலிருந்து நாய் தன் வீட்டுக்குப் பேசலாம். அம்மா மேலோட்டமாக ஒரு குறிப்புத் தருவாள். அது போதாவிட்டால் அப்பா பேசி, எங்கே போய் என்ன செய்யவேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டு நடப்பு இதற்கு நேர்மாறு என்று கணவர் சொல்லச் சொன்னார்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலாவது, இது வாசிக்கவேண்டிய கேம். வசனங்கள் நிறைய, தமிழ் கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. களைத்து வந்த மாலைகளில் அது பெரும் வேலை. இரண்டாவது, கதை உண்மையில் வளர்ந்தவர்களுக்கானது. நம்மால் முடியுமா, இந்த இடத்துக்கு நாம் தகுதியா என்ற ஐயத்திலும் சோர்விலும் சிக்கிய கலைஞர்களைப் பற்றியது. அந்தச் சோர்வு கரிய உருவமெடுத்து வந்து நாயோடு மோதும் கட்டங்கள் சிறு குழந்தைகளை மிரட்டக்கூடியவை. அவற்றைத் தவிர்த்துக்கொண்டு மேலே போக அமைப்புகளில் வழி இருக்கிறது. முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அந்தக் கட்டங்களை அவள் தூங்கியபின் நான் ஆடி முடித்தேன். லீனா ரெயினின் இசையை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு ஆடிய அந்த இரவுகளுக்காகவே இந்தக் கேமுக்குக் கொடுத்த பணம் செரித்துவிட்டது என்பேன். மூன்றாவது, இரண்டு குச்சிகளை ஒரே நேரத்தில் அசைக்க நாலரை வயதுக்குக் கைவரவில்லை. நாயை நான் நடத்தினேன். தூரிகை அவள் பொறுப்பு. ஒரே கருவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவள் என் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

வாங்குமுன் கவனிக்க ஓரிரு செய்திகள். இ-ஷாப்பில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் அது தொலைக்காட்சியில் ஓடுமா, கையில் வைத்து மட்டும் ஓடுமா என்ற குறிப்பு இருக்கும். கையில் மட்டும் என்றிருந்தால் அது பெரும்பாலும் தொடுதிரையை நம்பியது என்று கொள்ளலாம். விற்பனைப் பக்கத்தின் காணொளியில் தூரிகை நகர்வதைக் காட்டுகிறார்களா, அல்லது பகுதிகள் பளிச்சென்று நிரம்புவதை மட்டுமே காட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால், மூன்று நாளில் அலமாரிக்குப் போகும் என்று துணிந்து சொல்வேன். 2 முதல் 4 வயது வரையுள்ளவர்கள் திரைமுன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக்கூடாது, அதனினும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. மகள் ஐந்தை நெருங்கினாலும் நாங்கள் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். நிண்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியில் நேரத்தைக் குறித்துவிட்டால் கருவியே நினைவூட்டும். ஸ்விட்சின் கேம் அட்டை மிகச் சிறியதாக இருப்பதால் குழந்தை விழுங்கிவிடுமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. அதற்காகவே அதன்மேல் கடுங்கசப்பான பூச்சு ஒன்று தடவியிருக்கிறார்கள். நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்தெல்லாம் அதன்முன் இனிப்பு.

சிக்கரியில் இன்னும் தீட்டாத இடத்துக்குள் நுழையும்போது, திரை கறுப்புக் கோடுகளாலான வெள்ளைப் பக்கமாக நிற்கும் என்றேன் அல்லவா? ஒரு நாள் அதைப் பார்த்ததும், கருவியின் இடப்பக்கம் இருக்கும் படப்பிடிப்புப் பொத்தானை அழுத்தி அப்படியே சேமித்து வைத்தேன். 2020 இறுதியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு ஸ்விட்சிலிருந்து கைப்பேசிக்குப் படங்களை அனுப்புவது எளிது. திரையில் தோன்றும் இரண்டு கியூஆர் குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தால் போதும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதைக் காட்டி, கலர் பிரிண்டா என்று கேட்டவரிடம், கறுப்பு வெள்ளையே போதும், ஆறு பிரதி கொடுங்கள் என்றேன். கோடுகள் தடித்தவையாக இருப்பதால் ஏ4 தாளிலும் தெளிவாகவே விழுந்தன. இரண்டு அக்கா மகனுக்கு. மீதி நான்கில் மூன்றைக் கிரேயானால் தீட்டி முடித்துவிட்டாள். நான்காவதில் லஞ்சன் ஊரின் கூரைகள் மட்டும் சிவப்பாகியிருக்கின்றன, சிவப்பு கிரேயான் ஒடிந்துவிட்டது.